நெல்லுக்கு மீட்டர் இருக்கிறது, குடிக்கிற தண்ணீருக்கு?

(விருத்தாசலத்தில் நடந்த விவசாயிகள் சங்க ஆயத்தக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாத ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே அச்சிட்டுத் தருகிறோம்.)



நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கினால் முதல் வேலையாக என்ன செய்கிறார்கள்? குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி நெல்லை உருவி மீட்டரில் போடுகிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே காட்டினால், "காயவெச்சு எடுத்துக்கிட்டு வாய்யா" என்கிறார்கள். பால் சொசைட்டிக்குப் போனால் லாக்டோமீட்டர். கரும்பு ஆலைக்குப் போனால் பிழிதிறன் கணக்கு. இதே விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டையைக் கொட்டினால், உடைத்துப் பருப்பைப் பார்க்காமல் எவனும் விலை சொல்வதில்லை. நாம் கொடுக்கிற எதையும் சோதிக்காமல் வாங்குகிற ஆள் இந்த நாட்டில் கிடையாது. சரி, சோதிக்கட்டும். நாம் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் நமக்குக் கொடுக்கிற தண்ணீரை யார் சோதித்துக் கொடுக்கிறார்கள்? அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் நடந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். தெற்குத் தெருவில் முதலில் இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. மறுநாள் நாலு வீடு. பத்து நாளில் தெற்குத் தெருவிலும் அதைத் தாண்டிய காலனியிலும் படுக்காத வீடு இல்லை. சம்பா நடவு நேரம். நடவுக்குப் போக வேண்டிய பெண்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கூலியும் போச்சு, குளுக்கோஸ் ஏத்தின காசும் போச்சு. ஒரு பாட்டியை இழந்தோம். வயசாலே போனாங்களா, பேதியாலே போனாங்களா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு பேச்சு இருக்கிறது. அன்றைக்கே தண்ணீரைச் சோதித்திருந்தால் ஒரே பேச்சாக முடிந்திருக்கும்.

நாங்கள் முறையிட்ட பிறகு ஒரு அதிகாரி வந்தார். யார், எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். தெருக்குழாயில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குதேய்யா, இதுல என்ன இருக்குது?" என்றார். கூட்டத்தில் நின்ற ஒரு பெரியம்மா சொன்னார்: "கண்ணாடியில மூஞ்சிதான் தெரியும் தம்பி, பூச்சி தெரியாது." அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் விஞ்ஞானம் பெரியம்மா பக்கம்தான் இருந்தது.

மறியல் செய்வோம் என்று சொன்ன பிறகு ஒரு சோதனை அறிக்கை வந்தது. மூன்று வாரம் கழித்து வந்தது. அதில் கலங்கல், பி.எச்., கரைந்த உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் வரிசையாக எழுதி, "குடிக்க உகந்தது" என்று முத்திரை குத்தியிருந்தார்கள். நல்ல அறிக்கைதான். ஆனால் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. "நுண்ணுயிரியல் ஆய்வு" என்று தலைப்பு. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான்! ஊரே பேதியில் கிடக்கும்போது எதைச் சோதிக்க வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு, உப்பையும் சுண்ணாம்பையும் சோதித்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் கோடு போட்டார்கள் என்று விசாரித்தோம். மாதிரி எடுத்தது பழைய குளிர்பான பாட்டிலில். எடுத்து இரண்டு நாள் கழித்துத்தான் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட மாதிரியைக் கிருமிச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது. ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் செய்தது சரி. பாட்டிலை நிரப்பியவர் செய்ததுதான் தப்பு.

இதை நாம் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்டால்தான் அடுத்த தடவை யாரும் நம் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

உப்பு, ஃபுளோரைடு எல்லாம் தண்ணீரில் இன்றைக்கு இருந்தால் நாளைக்கும் இருக்கும். கிருமி அப்படி இல்லை. அது உயிர். பாட்டிலுக்குள்ளேயே சாகும், அல்லது பெருகும். அதனால் கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்கிற பாட்டில் சூடேற்றிச் சுத்திகரித்ததாக இருக்க வேண்டும். குழாய் வாயைத் துடைத்து, தீயில் காட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மூடியின் உட்பக்கம் கை படக்கூடாது. தண்ணீரில் குளோரின் இருந்தால் அது பாட்டிலுக்குள்ளேயும் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். அதை நிறுத்த முன்கூட்டியே சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து போட்டிருக்க வேண்டும். அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் விந்துக் குச்சியைக் குளிர்க் குடுவையில் கொண்டுவருகிறாரே, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் நாம் விடுவோமா? அந்தக் கவனம் தண்ணீருக்கும் வேண்டும்.

சரி, ஆய்வகத்தில் எதைத் தேடுகிறார்கள்? காலரா, டைபாய்டு, சீதபேதி என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு கிருமி. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடினால் காலமும் போதாது, காசும் போதாது. அதனால் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் மணிலாக் கொல்லையில் பன்றி புகுந்ததா என்று காலையில் எப்படிப் பார்க்கிறோம்? பன்றியைத் தேடிக்கொண்டு போவதில்லை, குளம்புத் தடத்தைப் பார்க்கிறோம். அதுபோல, மனிதக் குடலிலும் மாட்டுக் குடலிலும் எப்போதும் இருக்கிற ஈ.கோலி என்ற கிருமியைத் தேடுகிறார்கள். அதில் பெரும்பாலான வகை நமக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் அது தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் வந்த வழியில் காலராவும் வரும், டைபாய்டும் வரும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012-இல் திருத்தப்பட்டது. 100 மில்லி தண்ணீரில், அதாவது ஒரு சின்ன டம்ளரில், ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. நெல்லுக்காவது 17 வரைக்கும் சலுகை உண்டு. இதற்குச் சலுகையே கிடையாது.

தேடுகிற முறையும் நமக்குப் புரியாத மாயம் இல்லை. ஒரு முறையில், பால் சர்க்கரை கலந்த ஊட்ட நீரைச் சோதனைக் குழாய்களில் வைத்து, நம் தண்ணீரை அதில் ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் சூட்டில் வைக்கிறார்கள். குடல் கிருமி வகை இருந்தால் தோசை மாவு மாதிரி புளித்து வாயு கிளம்பும். எத்தனை குழாயில் வாயு வந்தது என்று எண்ணி, கிருமி எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இன்னொரு முறையில், மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சின்னத் துளை உள்ள தாளில் தண்ணீரை வடிகட்டி, அந்தத் தாளை ஊட்டத்தின்மேல் வைக்கிறார்கள். தாளில் தங்கின ஒவ்வொரு கிருமியும் பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். எண்ணிவிடலாம்.

தண்ணீரில் கிருமியைக் கண்டுபிடிப்பது நேற்று வந்த கலை இல்லை. 1884-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளித்து, துணி துவைத்து, அதையே குடிக்கவும் செய்த ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் காட்டினார். அதே 1884-இல் பிரான்சில் பாஸ்டரின் சீடர் சாம்பர்லாண்ட் என்பவர் கிருமியைத் தடுக்கிற வடிகட்டி ஒன்று செய்தார். எதில் செய்தார் தெரியுமா? மெருகு பூசாத பீங்கானில்! பீங்கான் ஊர்க்காரர்களான நாம் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். நம் சூளைகளில் பொம்மையும் அகல் விளக்கும் பியூஸ் கேரியரும் வேகிற அதே வித்தைதான். அந்தப் பீங்கான் வழியாகவும் தப்பி வந்த ஒன்றைத்தான் பிற்பாடு வைரஸ் என்று பெயர் வைத்துக் கண்டுகொண்டார்கள். வைரசைப் பற்றி அப்புறம் சொல்கிறோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஆய்வகம் கடலூரில் இருக்கிறது, ஐஸ் பெட்டி எங்கேயோ இருக்கிறது, நாம் இங்கே இருக்கிறோம். நம் ஊரிலேயே, நம் கையாலேயே பார்க்க வழி உண்டா?

உண்டு தோழர்களே. கண்டுபிடித்தவர்களும் நம் நாட்டுக்காரர்கள்தான். குவாலியரில் இருக்கிற பாதுகாப்புத் துறை ஆராய்ச்சி நிலையத்தில் மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூன்று பேர் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு சின்னச் சோதனையை எழுதினார்கள். ஒரு சின்ன பாட்டில், அதற்குள்ளே மருந்தில் நனைத்துக் காயவைத்த ஒரு துண்டுக் காகிதம். அவ்வளவுதான் கருவி. அடையாளக் கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். மலத்தோடு சேர்ந்து வருகிற கிருமிகளில் பல, அந்த மருந்தைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை விடும். அழுகிய முட்டை நாத்தம் என்கிறோமே, அந்த வாயு. அது காகிதத்தில் உள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து மை மாதிரி கறுத்துவிடும். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். கறுத்தால் சந்தேகப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த பாட்டில் நம் ஊருக்கு வரவே இல்லை என்று நினைக்காதீர்கள். 2006-இல் மத்திய அரசு ஊரகக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் கொண்டுவந்தபோதே பஞ்சாயத்துக்கு ஐந்து பேருக்குப் பயிற்சி, ஒரு சோதனைப் பெட்டி என்றார்கள். 2019 ஆகஸ்ட் 15-இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி என்றார்கள். குடிநீர் ஆதாரத்தை வருஷத்துக்கு ஒருமுறை ரசாயனச் சோதனை, மழைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு முறை கிருமிச் சோதனை செய்ய வேண்டும் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். 2021-இல் ஆய்வகங்களைப் பொதுமக்களுக்கும் குறைந்த கட்டணத்தில் திறந்துவிடச் சொன்னார்கள். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெட்டியைத் தேடிப்போனோம். பீரோவுக்கு மேலே, பழைய வாக்காளர் பட்டியலுக்கு அடியில் இருந்தது. உள்ளே இருந்த மருந்துகளுக்குத் தேதி முடிந்து போயிருந்தது. கிருமி பார்க்கிற பாட்டில் ஒன்றுகூட உடைக்கப்படவில்லை. பயிற்சி எடுத்த பெண்களைக் கேட்டோம். "போட்டோ எடுத்தாங்க, சாப்பாடு போட்டாங்க, பெட்டியைக் கையில தரலை" என்றார்கள்.

அதனால் சங்கத்தின் செலவில் எட்டு பாட்டில் வாங்கினோம். அந்தப் பெண்களையே கூப்பிட்டுச் செய்யச் சொன்னோம். எங்கே எங்கே எடுத்தோம் என்பதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். ஒன்று மோட்டார் கொட்டகையில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேராக. ஒன்று மேல்நிலைத் தொட்டி இறங்கு குழாயில். ஒன்று மேலத்தெரு முதல் குழாயில். ஒன்று நடுத்தெருவில். ஒன்று தெற்குத் தெருவில். ஒன்று காலனிக் கடைசிக் குழாயில். ஒன்று பள்ளிக்கூடத்துத் தரைத்தொட்டியில். எட்டாவது பாட்டிலில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், பாட்டில் சரியான பாட்டில்தானா என்று பார்ப்பதற்கு. மழைக்காலக் குளிரில் கிருமி சோம்பிவிடும் என்பதால், வாழைத்தார் பழுக்கவைப்பது மாதிரி எல்லாவற்றையும் துணியில் சுற்றி வைக்கோலுக்குள்ளே வைத்தோம்.

மறுநாள் சாயந்தரம் எடுத்தோம். மோட்டார் கொட்டகை கறுக்கவில்லை. தொட்டி கறுக்கவில்லை. மேலத்தெரு, நடுத்தெரு கறுக்கவில்லை. கொதித்த தண்ணீர் கறுக்கவில்லை. தெற்குத் தெரு, காலனி, பள்ளிக்கூடம் மூன்றும் கரி!

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பள்ளிக்கூடத்து பாட்டிலை ஒரு அம்மா கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் பிள்ளை அங்கேதான் படிக்கிறான்.

இதில் என்ன தெரிகிறது? கிணறு நல்லது, தொட்டி நல்லது. நடுத்தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் இடையில் ஏதோ கலக்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். குழாய் சாக்கடையைக் கடக்கிற இடத்தில் வால்வு குழி. குழி முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். வால்வுக் கழுத்தில் துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். காலையில் தண்ணீர் விடும்போது உள்ளே அழுத்தம் இருப்பதால் வெளியே கசியும். மோட்டாரை நிறுத்தினதும் குழாய் காலியாகி உள்ளே இழுக்கும். நம் மோட்டாரில் ஃபுட் வால்வு போய்விட்டால் தண்ணீர் பின்வாங்கிக் காற்றை இழுக்கிறதே, அதே கதை. இங்கே காற்றுக்குப் பதிலாகச் சாக்கடையை இழுத்திருக்கிறது. அடுத்த நாள் தெற்குத் தெருவில் முதல் குடம் பிடிக்கிறவருக்கு அதுதான் வந்திருக்கிறது.

மாதிரி எடுக்க வந்தவர் எங்கே எடுத்தார்? மோட்டார் கொட்டகையில். நிழலும் அங்கே இருக்கிறது, வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது. ஐயா, நாம் ஆயக்கட்டு விவசாயிகள். மதகில் அளவு பார்த்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது என்று எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? குடிநீருக்கும் கடைமடை உண்டு. எந்த ஊரிலும் குழாயின் கடைசியில் காலனிதான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேலத்தெருக் குழாயில் எடுத்த மாதிரியைக் காட்டி ஊர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்வது, பாதி ஊரை ஊராகவே கணக்கில் எடுக்காத பேச்சு. சங்கம் இதை ஒப்புக்கொள்ளாது.

பாட்டிலைப் பற்றி உண்மையையும் சொல்லிவிடுகிறோம், பின்னால் யாரும் நம்மை மடக்கக் கூடாது. சில ஆழ்துளைக் கிணறுகளில் ஏற்கெனவே அழுகிய முட்டை நாத்தம் இருக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் மலம் கலக்காவிட்டாலும் காகிதம் கறுக்கும், ஊற்றின கொஞ்ச நேரத்திலேயே கறுக்கும். மண்ணில் இருக்கிற வேறு சில கிருமிகளும் இந்த வாயுவை விடும். 2002-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது. ஆகவே கறுத்த பாட்டில் தீர்ப்பு இல்லை, புகார். கறுத்த இடத்தில் முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஈ.கோலி பார்க்கச் சொல்வதுதான் நம் கோரிக்கை. கறுக்காத பாட்டிலும் முழு நற்சாட்சி இல்லை. இந்தச் சோதனைக்கு வைரஸ் தெரியாது. 1955, 1956-இல் டில்லியில் யமுனையில் தண்ணீர் எடுக்கிற இடத்துக்குச் சாக்கடை வந்து கலந்தது. குளோரின் போட்டார்கள், ஆனாலும் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பாக்டீரியா செத்தது, வைரஸ் தப்பியது. அதனால்தான் சோதனை ஒரு பக்கம், குழாயைச் சாக்கடையிலிருந்து பிரிப்பது இன்னொரு பக்கம், இரண்டும் வேண்டும் என்கிறோம்.

குளோரினைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது பஞ்சாயத்துகளில் சொல்கிற கணக்கு. முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஆனால் பையைத் திறந்து மோட்டார் கொட்டகையில் மாசக்கணக்கில் போட்டு வைத்தால், வீரியம் பறந்து வெறும் சுண்ணாம்பு மிஞ்சும். அதைக் கணக்குத் தப்பாமல் 120 கிராம் போட்டு என்ன பயன்? பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்துத் தெளிவை ஊற்ற வேண்டும், ஊற்றி அரை மணி நேரமாவது விட்டுத்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். கடைசிக் குழாயில் வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும், வைரஸ் பயம் உள்ள நேரத்தில் 0.5 என்று அதே ஐ.எஸ். 10500 சொல்கிறது. இதைப் பார்க்க ஒரு சொட்டு மருந்து போதும், தண்ணீர் மஞ்சளாகும். நிற அட்டையோடு ஒத்துப் பார்க்க ஒரு நிமிடம். எங்கள் ஊர் டேங்க் ஆபரேட்டருக்கு அந்த மருந்தை இதுவரை யாரும் கொடுத்ததில்லை. அவர் மேலே நமக்குக் கோபம் இல்லை. அவர் வாங்குகிற சம்பளத்துக்கு அந்த உயரம் ஏறி இறங்குவதே பெரிசு. கையுறையும் கருவியும் அவருக்குக் கொடு என்று கேட்பதும் நம் வேலைதான்.

நம் பக்கத்துத் தப்பையும் பேசாமல் விட்டால் அது நியாயமான கூட்டம் ஆகாது. தண்ணீர் ஏறவில்லை என்று குழாயை வெட்டிப் பள்ளம் தோண்டி அதில் இறங்கிப் பிடிப்பது யார்? நாம்தான். தண்ணீர் நின்றதும் அந்தப் பள்ளத்துச் சேறு குழாய்க்குள் போகிறது. மாட்டுத் தொட்டியில் ஹோஸ் முனையை முக்கி வைத்துவிட்டுப் போவது யார்? கைப்பம்பு மேடையில் மாடு கட்டுவது, ஆழ்துளைக் கிணற்றுப் பக்கத்திலேயே எருக்குப்பை கொட்டுவது எல்லாம் நம் வீட்டு வேலை. மணிமுக்தாற்று மணலில் ஊற்று தோண்டி, முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, ஊறி வந்த தெளிவை மட்டும் அள்ளின நம் தாய்மாருக்கு இருந்த ஜாக்கிரதை நமக்குக் குறைந்துவிட்டது. அடுத்த வாரமே நம் ஊர்களில் இந்தப் பள்ளங்களை நாமே மூட வேண்டும். அப்படி மூடிவிட்டுப் போய்க் கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்குத் திணறும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய், டாக்டர் தண்ணீரைச் சந்தேகப்பட்டுச் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தலித் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கிடந்தது. அந்த வழக்குக்குள்ளே நாம் இப்போது போகவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கிறோம்: வாரம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கிற வழக்கம் இருந்தால், அதைப் பிள்ளைகளின் வயிறு சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டுமா? 2024 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் வாந்தி பேதியில் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், உயிரும் போனது. குடிநீரில் சாக்கடை கலந்தது என்றார்கள் மக்கள், தண்ணீர் காரணம் இல்லை என்றது அரசுத் தரப்பு. மாதிரி கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனது அதற்குப் பிறகு. இரண்டு இடத்திலும் முதலில் நோய், பிறகு சோதனை. நெல்லுக்கு இப்படியா செய்கிறார்கள்? அரிசியாக்கிச் சோறாக்கிச் சாப்பிட்ட பிறகா ஈரப்பதம் பார்க்கிறார்கள்?

நாம் கேட்பது பெரிய அணைக்கட்டு இல்லை. மழைக்கு முன்னும் பின்னும் எழுதி வைத்தபடி கிருமிச் சோதனை நடக்க வேண்டும், அந்த மாதிரியைக் கடைமடைக் குழாயில் ஊர்க்காரர் இரண்டு பேர் முன்னிலையில் எடுக்க வேண்டும். முடிவு என்ன வந்தாலும் தேதியோடு தொட்டித் தூணில் எழுத வேண்டும். கோடு போட்ட கட்டத்தோடு எந்த அறிக்கையும் "குடிக்க உகந்தது" என்று வரக்கூடாது. பயிற்சி எடுத்த பெண்கள் கையில் பெட்டியையும் தேதி முடியாத பாட்டிலையும் கொடுக்க வேண்டும், அவர்கள் செய்கிற வேலைக்குப் பணமும் கொடுக்க வேண்டும். சாக்கடைக்குள் ஓடுகிற குழாயைத் தூக்கி வைக்க வேண்டும். இதெல்லாம் கிராம சபையிலும் வைக்கலாம். 2022-இல் அறிவித்தபடி மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்திலும் நம் மாநிலத்தில் கிராம சபை உண்டு. அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் டீ குடித்துவிட்டு வருகிற சபையாக அதை விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆனால் கிராம சபை வரைக்கும் நாம் காத்திருக்கப் போவதில்லை. வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பாலக்கரையில் கூடுகிறோம். அங்கிருந்து ஊர்வலமாகச் சார் ஆட்சியர் அலுவலகம் போய் மனுக் கொடுக்கிறோம். மனு ஒரு கையில், பாட்டில் ஒரு கையில். ஊருக்கு நான்கு பாட்டில் சங்கத்திலிருந்து இன்றைக்கே தருகிறோம், கிளைச் செயலாளர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலையில் தண்ணீர் பிடித்து வைத்தால் திங்கட்கிழமைக்குள் தெரிந்துவிடும். இரண்டு பாட்டிலாவது கடைசித் தெருவில் எடுங்கள். கறுத்தாலும் கொண்டுவாருங்கள், கறுக்காவிட்டாலும் கொண்டுவாருங்கள். நல்லதை நல்லது என்று சொல்வதிலும் நமக்குக் கௌரவம் உண்டு. கறுத்த தெருவில் ஆய்வக முடிவு வரும்வரை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.

கறுத்த பாட்டிலின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும், அதைச் சங்கத்திலேயே செய்துகொள்கிறோம். பாட்டில் மேலே ஊர், தெரு, எந்தக் குழாய், தண்ணீர் பிடித்த நாள், நேரம் ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். பேனாவால் எழுதினால் ஈரத்தில் அழிந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள்.